ஜப்பானியப் பெயர்களில் பூவும் மரமும் கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி சொல்லித்தரும் இடத்தில் பெயர்களைப் பற்றிய சந்தேகம் வராத வாரமே கிடையாது. அனிமே பார்த்துவிட்டு வருகிறவர்கள், வேலைக்காக டோக்கியோ கிளம்புகிறவர்கள், அங்கேயே குழந்தை பெறப்போகிறவர்கள் என ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த, பொருளைச் சுமக்கும் எழுத்துகளுக்குக் 'கான்ஜி' என்று பெயர். ஒலியை மட்டும் காட்டும் எழுத்துகள் ஹிராகனா, கட்டகனா. கீழே வரும் பதில்களுக்கு இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

ஜப்பான்காரங்க பேர் எல்லாமே பூ, மலை, ஆறுன்னுதான் இருக்குமா?

இல்லை. குடும்பப் பெயரையும் பிள்ளைக்கு வைக்கிற பெயரையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தனாகா (வயல் நடு), யமதா (மலை வயல்), இஷிகாவா (கல் ஆறு), மோரி (காடு) எல்லாம் குடும்பப் பெயர்கள். சாதாரண மக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870-இல் அனுமதி கிடைத்தது, 1875-இல் அது கட்டாயமானது. பல குடும்பங்கள் தாங்கள் இருந்த இடத்தையே பெயராக்கிக்கொண்டன. அதனால்தான் அவற்றில் இவ்வளவு வயலும் மலையும்.

பிள்ளைக்கு வைக்கும் பெயர் வேறு கணக்கு. இச்சிரோ என்றால் முதல் பையன். மகோதோ என்றால் உண்மை, நேர்மை. இப்படிக் குணம், வரிசை, நல்வாழ்த்து ஆகியவற்றைச் சொல்லும் பெயர்கள் ஏராளம். இயற்கையிலிருந்து வருபவை அதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பங்கில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். பிறந்த பருவமோ, பிறந்த ஊரோ, பெற்றவர்கள் பிள்ளைக்கு வேண்டிக்கொண்டதோ. வெறும் அழகுக்காக வைத்தது என்று நினைத்துப் பட்டியலிலிருந்து பொறுக்கினால் அந்தக் காரணம் கைநழுவிப் போய்விடும்.

யூகின்னா பனின்னு நெட்ல போட்டிருக்கே, சரிதானே?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யூகி என்ற ஒலியைப் பனி என்ற கான்ஜியாலும் எழுதலாம், மகிழ்ச்சி என்ற கான்ஜியாலும் எழுதலாம். 'காரணம்', 'நூல் இழை' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும் எழுதலாம். எந்தப் பொருளும் வேண்டாம், ஒலி போதும் என்று ஹிராகனாவில் எழுதுபவர்களும் உண்டு. ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்ல முடியாது. 'ஜப்பானியப் பெயர்களும் அர்த்தங்களும்' என்று சுற்றிவரும் பட்டியல்கள் சறுக்குவது இங்கேதான்.

அதனால் ஜப்பானியர்களே புதிதாக ஒருவரைச் சந்தித்தால் "எந்தக் கான்ஜி?" என்று கேட்பார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவரும் "வசந்தத்துக்கு எழுதுவோமே அது, அப்புறம் மரம்" என்று பதில் சொல்வார். அப்படி எழுதினால் ஹருகி. அதே ஹருகியை வேறு எழுத்துகளில் எழுதும் வீடுகளும் உண்டு.

பேரை யார் வைப்பாங்க? எப்போ வைப்பாங்க?

பெரும்பாலும் பெற்றோர்தான். சில வீடுகளில் தாத்தா பாட்டி சொல்வதுண்டு. பிறந்த ஏழாம் நாள் இரவுக்கு 'ஒஷிச்சியா' என்று பெயர். அன்று பெயரைத் தூரிகையால் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, வீட்டார் கூடிச் சாப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிறந்து 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். கான்ஜியை எழுத எத்தனை கோடு என்று எண்ணிப் பலன் பார்ப்பதும் பரவலாக உண்டு. நம்மூர் நியூமராலஜி போலத்தான். நம்புகிறவர்கள் எழுத்தையே மாற்றிவிடுவார்கள், ஒலி அப்படியே இருக்கும்.

பூப் பேர் வச்சா அந்தப் பூ பூக்கிற மாசத்துல பிறந்திருக்கணுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது. உமே என்ற பிளம் பூ குளிர் விடுவதற்கு முன்பே, பிப்ரவரி வாக்கில் பூக்கும். சகுரா மார்ச் கடைசி, ஏப்ரல். சாமந்தி (கிகு) இலையுதிர் காலம். மாதப் பெயர்களே பெண் பெயர்களாவதும் உண்டு. யயோய் பழைய நாட்காட்டியில் மூன்றாம் மாதம், சட்சுகி ஐந்தாம் மாதம், ஹசுகி எட்டாம் மாதம். ஹசுகியை 'இலை', 'மாதம்' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ட்சுதா உமேகோ. 2024 ஜூலையில் வந்த புதிய 5000 யென் நோட்டில் இருப்பவர். 1864-இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) பிறந்தார். இரண்டாவதும் பெண்ணா என்று ஏமாந்துபோன அப்பா வீட்டை விட்டு வெளியேறிவிட்டார், ஏழாம் நாளும் திரும்பவில்லை. அம்மா தன் தலைமாட்டில் தொட்டியில் இருந்த குட்டி பிளம் மரத்தைப் பார்த்து 'உமே' என்று வைத்தார். அந்தக் கால வழக்கப்படி அதை 'முமே' என்று எழுதினார்கள். அதே அப்பாதான் 1871-இல், மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது, அவரை அரசாங்கத் தூதுக்குழுவோடு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். உமேகோ திரும்பி வந்து 1900-இல் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய ட்சுதா பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பனிக்கு நடுவே முதலில் பூப்பது பிளம் என்பதால் பொறுமைக்கும் துணிவுக்கும் அதை அடையாளமாகச் சொல்வார்கள். அவர் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

உமே, உமேகோ, எதுக்கு அந்த 'கோ'? பொண்ணுங்க பேர்னாலே 'கோ'ல முடியும்னு சொல்றாங்களே?

'கோ' என்ற எழுத்துக்குக் குழந்தை என்று பொருள். பழங்காலத்தில் அது அரச குலத்துக்கும் பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கும் உரியதாக இருந்தது. மெய்ஜி காலத்தில் (1868–1912) எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். முமே என்பவர் உமேகோ ஆனதும் அந்தக் காலத்தில்தான், 1902-இல் பதிவேட்டில் மாற்றிக்கொண்டார். 1920-களிலிருந்து 1950-கள் வரை பெண் பெயர் பட்டியலின் மேல்வரிசையில் பெரும்பாலும் 'கோ'தான். ஹனாகோ (பூ), உமேகோ, கிகுகோ என்று பூக்களும் அதோடு ஒட்டிக்கொண்டன. இப்போது பிறக்கும் குழந்தைகளிடம் 'கோ' அரிது. ஹனாகோ என்றால் பாட்டி பெயர் என்றுதான் இளையவர்கள் சொல்வார்கள். ஆனால் ஹனா மட்டும் தனியாக நன்றாகவே ஓடுகிறது.

பழைய ஜப்பான் பாட்டிங்களுக்கு ஆமை, புலி, கரடின்னு பேர் இருந்துச்சாமே, நிஜமா?

நிஜம்தான். மெய்ஜி காலத்துப் பதிவேடுகளில் கமே (ஆமை), ட்சுரு (கொக்கு இனப் பறவை), தோரா (புலி), குமா (கரடி), உஷி (மாடு), மட்சு (பைன்), தாகே (மூங்கில்) என்ற பெண் பெயர்கள் வரிசையாக வரும். தெற்கே ரியூக்யூ தீவுகளிலும் ஆமை, கொக்கு, மாடு எல்லாம் பெண் பெயர்கள். இதில் கேலி எதுவும் இல்லை. "கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் ஆண்டு" என்பது அங்கே பழமொழி. குழந்தைகள் நிறைய இறந்துபோன காலத்தில், ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று வைத்த பெயர்கள் இவை. தோரா, உஷி போன்றவை பிறந்த ஆண்டின் மிருகத்தால் வந்திருக்கவும் கூடும். பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் புலி ஆண்டு, மாட்டு ஆண்டு என்று உண்டு.

இந்த வேண்டுதல் எவ்வளவு தீவிரமானது என்பதற்கு டொயோடோமி ஹிதேயோஷியின் மகன் சாட்சி. நாட்டையே ஆண்டவர் ஹிதேயோஷி. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1589-இல், பிறந்த பையனுக்கு ட்சுருமட்சு, அதாவது கொக்கும் பைனும், என்று இரட்டை ஆயுள் அடையாளத்தைச் சேர்த்து வைத்தார். கூடவே 'சுதே' (தூக்கிப்போட்டது) என்றும் கூப்பிட்டார். தூக்கிப்போட்ட பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. நம்மிடம் குப்புசாமி, பிச்சை என்ற பெயர்கள் வந்ததும் இதே பயத்தில்தான். ட்சுருமட்சு 1591-இல் இறந்துபோனான். அடுத்து பிறந்த மகனை 'ஹிரோய்' (கண்டெடுத்தது) என்று கூப்பிட்டார்கள். அவன்தான் பின்னாளில் ஹிதேயோரி.

ஊருக்கு ஊர் இந்தப் பேர் பழக்கம் மாறுமா?

மாறும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கீ நாடு, இன்றைய வகயாமா பகுதி. அங்கே ஃபுஜிஷிரோ என்ற கோயிலில் ஒரு பெரிய கற்பூர மரம் இருக்கிறது. குழந்தைகளைக் காக்கும் தெய்வமாக அதைக் கும்பிடுவார்கள். சுற்று வட்டாரத்தில் பிள்ளை பிறந்தால் அந்தக் கோயிலிலிருந்து ஓர் எழுத்து வாங்கிப் பெயரில் சேர்ப்பது வழக்கம். குமா (கரடி), ஃபுஜி (விஸ்டீரியா கொடி), குசு (கற்பூர மரம்) ஆகிய மூன்றில் ஒன்று.

1867-இல் வகயாமாவில் ஓர் இரும்புப் பாத்திர வியாபாரி வீட்டில் பிறந்த மினகாதா குமகுசுவுக்கு இரண்டு எழுத்துகள் கிடைத்தன. கரடியும் கற்பூர மரமும். அவர் கூடப்பிறந்தவர்களைப் பாருங்கள்: தோகிச்சி (இதில் 'தோ' விஸ்டீரியாவின் எழுத்து), குமா, ட்சுனேகுசு, ஃபுஜியே, குசுஜிரோ. ஒருவர் பாக்கியில்லை. நான்கு வயதில் கடும் நோயில் விழுந்தபோது தன்னை அந்தக் கற்பூர மரத்திடம் வேண்டுதலுக்குத் தூக்கிப்போனதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கற்பூர மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல முடியாத ஓர் உணர்வு வரும் என்றும் எழுதினார்.

வளர்ந்து அவர் பெரிய இயற்கை ஆய்வாளர் ஆனார். லண்டனில் சில ஆண்டுகள் இருந்தார், திரும்பி வந்து தனாபே ஊரில் தங்கிச் சளிப்பூஞ்சைகளை ஆராய்ந்தார். 1906-இல் அரசாங்கம் சிறு கோயில்களை ஒன்றாக இணைக்க உத்தரவு போட்டது. இணைத்தால் காலியாகும் கோயில்களின் காடுகளை வெட்டி விற்றுவிடுவார்கள். குமகுசு விடாமல் எதிர்த்தார், 1910-இல் அதற்காகக் காவலிலும் இருந்தார். 1929-இல் பேரரசர் ஹிரோஹிதோ அங்கே வந்தபோது, அவருக்குச் சளிப்பூஞ்சை மாதிரிகளைக் கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தார். 1962-இல் மீண்டும் அந்தப் பக்கம் போன பேரரசர், மழையில் மங்கித் தெரிந்த கஷிமா தீவைப் பார்த்து, கீ நாடு பெற்ற குமகுசுவை நினைத்து ஒரு கவிதை எழுதினார். மரத்தின் பெயரை வாங்கிய பிள்ளை மரங்களுக்காகச் சிறை போனது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பூப் பேர்லாம் பொண்ணுங்களுக்குத்தானா? பசங்களுக்கு என்ன வைப்பாங்க?

பையன்களுக்கு மரமும் கடலும் வானமும் அதிகம். தைகி என்பதைப் 'பெரிய மரம்' என்று எழுதலாம். இட்சுகி என்பது மரத்துக்கான ஒற்றை எழுத்து. ரிக்கு (நிலம்), கைதோவில் வரும் கடல், மினதோ (துறைமுகம்), சோரா (வானம்), ட்சுபாசா (சிறகு) என்று நீளும். ஆனால் பூ முழுக்கப் பெண்களுக்கு என்று இல்லை. ரென் என்றால் தாமரை. மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் 2018, 2019 இரண்டு ஆண்டும் ஆண் பெயர்களில் முதலிடம் அதற்குத்தான்.

அஓய் என்ற பெயர் இரு பாலாருக்கும் பொது. ஒரு செடியின் பெயர் அது, இதய வடிவ இலை இருக்கும். கியோட்டோவில் மே 15 அன்று நடக்கும் அஓய் திருவிழாவில் வண்டி, தொப்பி எல்லாவற்றிலும் அந்த இலையைச் செருகுவார்கள். நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான தோகுகாவா ஷோகன் குடும்பத்தின் சின்னமும் மூன்று அஓய் இலைகள்தான். அதே எழுத்துதான் சூரியகாந்தியின் பெயரிலும் வருகிறது. 'சூரியன்', 'அஓய்' இரண்டையும் சேர்த்து எழுதும் ஹிமாரி அண்மையில் பெண் குழந்தைகளுக்கு மிகவும் வைக்கப்படும் பெயர்களில் ஒன்று. பையன்களுக்கு வைக்கும் அஓய் பெரும்பாலும் நீலம், பச்சை நிறங்களைக் குறிக்கும் வேறு கான்ஜி. யூகி கேள்வியில் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

வைக்கக் கூடாத பூ ஏதாவது உண்டா?

சட்டப்படி எழுத்துக்கு மட்டும்தான் தடை, பூவுக்கு இல்லை. பெரியவர்கள் மனத்தடை சொல்வார்கள். ட்சுபாகி (கமேலியா) இதழ் இதழாக உதிராது, முழுப் பூவாகக் கீழே விழும். தலை விழுவது போல் இருக்கிறது, சாமுராய்களுக்கு ஆகாது என்பார்கள். ஆனால் இரண்டாம் தோகுகாவா ஷோகன் ஹிதேததா ட்சுபாகி பிரியர், அதனால் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சகுரா சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்று சில பாட்டிகள் தயங்குவார்கள். தாமரை புத்தர் கோயிலையும் சாவையும் நினைவூட்டுகிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. சேற்றிலிருந்து எழுந்தும் சேறு ஒட்டாத பூ என்பதால்தான் வைத்தோம் என்று இளம் பெற்றோர் சொல்வார்கள். ரென் பிடித்த இடத்தைப் பார்த்தால் யார் பேச்சு எடுபட்டது என்று தெரிகிறது.

எந்த எழுத்துல வேணா பேர் வைக்க முடியாதா? அரசாங்கம் பட்டியல் போட்டிருக்கா?

போட்டிருக்கிறது. இந்தப் பட்டியலின் கதை தனிச் சுவை. போருக்குப் பின் 1946-இல் அன்றாடப் பயன்பாட்டுக்கு 1850 கான்ஜிகள் போதும் என்று முடிவு செய்தார்கள். 1948-இல் நடைமுறைக்கு வந்த குடும்பப் பதிவேட்டுச் சட்டம் பெயரையும் அதற்குள் அடக்கிவிட்டது. அந்த 1850-இல் கொக்கு இல்லை, ஆமை இல்லை, புலி, கரடி, மான் எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வைத்துவந்த பெயர்களைக் கான்ஜியில் எழுத முடியாமல் போனது. எதிர்ப்பு கிளம்பவே 1951-இல் பெயர்களுக்கென்று 92 எழுத்துகளைச் சேர்த்தார்கள். கொக்கு, ஆமை, புலி, கரடி, மான், கெண்டை மீன், வண்ணத்துப்பூச்சி, கற்பூர மரம், விஸ்டீரியா, ஆர்க்கிட் எல்லாம் அதில் திரும்பி வந்தன. அந்தப் பட்டியலைப் படித்தால் மக்கள் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரியும்.

அப்புறம் 1976-இல் அஓய், அகானே (சாயவேர்ச் செடி), நகிசா (கடற்கரை) போன்றவை வந்தன. 2004-இல் 488 எழுத்துகள் ஒரே மூச்சில் சேர்ந்தன, ஸ்ட்ராபெரி உட்பட. முதலில் முன்வைத்த வரைவில் 578 இருந்தது. சாணம், பிணம், புற்றுநோய் போன்ற எழுத்துகள் அதில் இருப்பதைப் பார்த்து மக்கள் எதிர்த்ததும் நீக்கினார்கள். இன்று பொதுப் பயன்பாட்டுக் கான்ஜி 2136, பெயர்களுக்கென்று கூடுதலாக 863. இரண்டும் சேர்ந்தால் 2999. ஹிராகனா, கட்டகனா எப்போதும் அனுமதி.

எழுத்து சரி. அதை நம்ம இஷ்டத்துக்குப் படிக்கலாமா? நிலான்னு எழுதி லூனான்னு கூப்பிடறாங்களாமே?

நெடுங்காலம் சட்டம் எழுத்தை மட்டும்தான் பார்த்தது, படிக்கும் விதத்தை விட்டுவைத்தது. அந்த இடைவெளியில் நிலா எழுத்தை 'லூனா' என்றும் கடல் எழுத்தை 'மரின்' என்றும் படிக்கும் பெயர்கள் வந்தன. இவற்றைக் 'கிராகிரா' பெயர்கள், அதாவது மினுமினுக்கும் பெயர்கள், என்பார்கள். ஆசிரியர், டாக்டர் யாருக்கும் படிக்க வராது, பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 மே 26 முதல் பெயரை எப்படிப் படிப்பது என்பதும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது. பொதுவாக ஏற்கக்கூடிய படிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. தாரோ என்று எழுதி ஜிரோ என்று படிப்பது, 'உயரம்' என்று எழுதிக் 'குட்டை' என்று படிப்பது போன்றவை ஏற்கப்படாது. எழுத்தின் பொருளோடு தொடர்பு இருந்தால் கெடுபிடி குறைவு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பெயர் பிள்ளைக்குத்தானே பயன்பட வேண்டும்.

சுமோ வீரர்கள் பேர்ல மட்டும் ஏன் இவ்வளவு மலை, கடல்?

அவை பிறவிப் பெயர்கள் இல்லை. 'ஷிகோனா' என்னும் களப் பெயர்கள். மலை (யமா), கடல் (உமி), ஆறு (காவா), டிராகன் (ரியூ), பெரும்பறவை (ஹோ) எல்லாம் அசைக்க முடியாத பலத்தைச் சொல்பவை. தைஹோ, ஹகுஹோ இருவர் பெயரிலும் வருவது புராணப் பெரும்பறவை. சியோனோஃபுஜியில் ஃபுஜி மலை. சொந்த ஊரைச் சேர்ப்பதும் உண்டு. கிதானோஉமி என்ற யோகோசுனா (சுமோவின் உச்சப் பட்டம் பெற்றவர்) ஹொக்கைதோவில் தோயா ஏரிப் பக்கம் பிறந்தவர். அவர் பெயரில் வரும் 'உமி'யை ஏரி என்ற எழுத்தால்தான் எழுதுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட அழகான ஷிகோனா ஃபுதபயமா. 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 போட்டிகள் வென்றவர். ஃபுதபா என்றால் முளைவிடும் இரண்டு இலை. "சந்தனம் ஈரிலையிலேயே மணக்கும்" என்ற பழமொழியிலிருந்து எடுத்தது. நாம் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோமே, அதுதான்.

கெய்ஷாக்களோட பேரும் பூப் பேர்தானே? அது சொந்தப் பேரா?

சொந்தப் பெயர் இல்லை. ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாவைக் கியோட்டோவில் கெய்கோ என்பார்கள், பயிற்சியில் இருப்பவர் மைகோ. மைகோ ஆகும்போது தனக்கு வழிகாட்டும் 'அக்கா'வின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைப் பெறுவார். அதனால் ஒரே எழுத்து தலைமுறைகளாக ஓடும். கியோன் கோபு பகுதியில் 'மாமே' (அவரை விதை) அப்படி ஓர் எழுத்து. கமிஷிச்சிகென் பகுதியில் 'உமே'. அதற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது, பிளம் மரங்களுக்குப் பேர்போன கிதானோ தென்மாங்கூ கோயில். சுகவாரா மிச்சிசானே என்ற அறிஞருக்கு எழுப்பிய கோயில் அது. 901-இல் அவரைத் தசாய்ஃபுவுக்கு நாடு கடத்தியபோது, அவர் வளர்த்த பிளம் மரம் பிரிவு தாங்காமல் அங்கே பறந்துபோய்விட்டதாக ஐதீகம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25 பிளம் திருவிழாவில் கமிஷிச்சிகென் பெண்கள்தான் அங்கே தேநீர் பரிமாறுகிறார்கள்.

மைகோ கொண்டையில் செருகும் பூவும் மாதாமாதம் மாறும். பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் கடுகுப்பூ, ஏப்ரலில் சகுரா, மேயில் விஸ்டீரியா, அக்டோபரில் சாமந்தி, நவம்பரில் மேப்பிள் இலை. விவரம் தெரிந்தவர் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து மாதம் சொல்லிவிடுவார்.

பாஷோன்னா வாழைமரமாமே? ஒரு கவிஞர் ஏன் அப்படிப் பேர் வச்சுக்கிட்டார்?

ஆமாம், வாழைதான். அதற்கு முன் அவர் புனைபெயர் தோசெய், அதாவது பச்சைப் பீச் பழம். சீனக் கவி லீ பாய் பெயரில் 'வெள்ளை பிளம்' இருப்பதால், தன்னைப் பழுக்காத பீச் என்று வைத்துக்கொண்டார். 1680-இல் எடோவின் ஃபுககாவா பகுதியில் ஒரு குடிலுக்குக் குடிபோனார். அடுத்த ஆண்டு சீடர் ஒருவர் வாசலில் நட ஒரு வாழைக்கன்று கொடுத்தார். அது செழித்து வளர, குடிலுக்கு 'பாஷோ குடில்' என்றும் அவருக்கு பாஷோ என்றும் பெயர் வந்துவிட்டது.

நமக்கு வாழை என்றால் இலை, பூ, தண்டு, பழம் எல்லாம் பயன். ஜப்பானின் அந்த வாழையில் உண்ணத்தக்க பழம் கிடையாது, மரத்தை வெட்டினாலும் எதற்கும் ஆகாது. காற்றில் கிழியும் இலை மட்டும்தான். அந்தப் பயனற்ற தன்மைதான் பிடித்திருக்கிறது என்று பாஷோ எழுதினார். ஹைக்கூ கவிஞர் மசாஒகா ஷிகியையும் இங்கே சொல்ல வேண்டும். ஷிகி என்பது ஹொதோதோகிசு என்ற குயிலினப் பறவையை எழுதும் ஒரு வகை. இரத்தம் கக்கும் வரை கூவும் பறவை என்று அதைச் சொல்வார்கள். 1889-இல் காசநோயால் இரத்தம் கக்கிய 21 வயது இளைஞர் தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். 1902-இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அரச குடும்பத்துல பூப் பேரே காணோமே?

இளவரசர்கள் பெயர் 'ஹிதோ' (அறம் என்ற எழுத்து) என்று முடியும், இளவரசிகளுக்குக் 'கோ'. எழுத்துகளைப் பழைய சீன நூல்களிலிருந்து எடுப்பது மரபு. ஆனால் ஒவ்வொருவருக்கும் 'ஒஷிருஷி' என்று ஓர் அடையாளம் உண்டு. அவர்களுடைய பொருள்களில் பெயருக்குப் பதில் அதைப் பொறிப்பார்கள். செடிகொடிகள் இங்கே வருகின்றன. பேரரசர் நருஹிதோவுக்கு அசுசா மரம், பேரரசி மசாகோவுக்கு ஹமானாசு என்னும் கடற்கரை ரோஜா, மகள் ஐகோவுக்கு வெள்ளை அசேலியா வகை, தம்பி மகன் ஹிசாஹிதோவுக்குக் கோயா மலையின் பெயர் கொண்ட கோயாமகி மரம். முந்தைய பேரரசி மிச்சிகோவுக்கு வெள்ளை பிர்ச்.

நாங்க ஜப்பான்ல இருக்கோம். குழந்தைக்குத் தமிழ்ப் பேர் வச்சா அங்கே எப்படி எடுத்துக்குவாங்க? கான்ஜில எழுதலாமா?

பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் குழந்தைக்கு ஜப்பானியக் குடும்பப் பதிவேடு கிடையாது. ஆனாலும் 14 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரைக் கட்டகனாவில் எழுதுவார்கள். அதனால் மேலே சொன்ன 2999 எழுத்துக் கணக்கு உங்களைத் தொடாது. ஆசைக்குக் கான்ஜி தேர்ந்து முத்திரையில் செதுக்கிக்கொள்ளலாம், அலுவல் பெயர் ஆகாது.

ஒலியைத்தான் கவனிக்க வேண்டும். ஜப்பானியத்தில் ல, ர வேறுபாடு இல்லை, 'வ' பெரும்பாலும் 'ப' போல் ஒலிக்கும். நிலா என்றால் அவர்கள் காதில் 'நிரா', அது பூண்டு வாசமுள்ள ஒரு கீரை. கனி என்றால் நண்டு. உமா என்றால் குதிரை. ஹரி என்றால் ஊசி. கவின் பூச்சாடி ஆகிவிடும். இதற்காக ஆசைப்பட்ட பெயரை மாற்ற வேண்டாம். உயிரெழுத்து நீளத்தைக் கட்டகனாவில் சரியாகக் காட்டினால் பாதி சிக்கல் தீரும், பள்ளியில் ஆசிரியரிடம் ஒரு முறை பொருளையும் சொல்லிவிடுங்கள். மீனா, மாயா, ரீனா போன்றவை அங்கேயும் பெண் பெயர்கள்தான், உச்சரிக்கச் சிரமமே இல்லை. மாரியும் அப்படித்தான். மரி என்பது ஜப்பானில் நன்கு பழகிய பெயர், நம் மாரியோ மழை.